மூக்குல மூணாவது ஆபரேஷன்: எலும்பு தடிச்சிருக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லவே இல்ல

2022 டிசம்பர்ல என் மூக்குல இருந்து எடுத்த சதையோட பயாப்சி ரிப்போர்ட்ட, அதாவது லேப்ல அத சோதிச்சு எழுதுன ரிப்போர்ட்ட, நான் முதல்முதலா கையில வாங்கிப் படிச்சது 2025 ஜூன்ல. அதுல கீழ இருந்து ரெண்டாவது வரில எலும்புத் துணுக்கு இருக்கு, புதுசா எலும்பு வளந்த அடையாளம் இருக்குன்னு தெளிவா டைப் அடிச்சிருக்கு. ரெண்டரை வருஷம் அந்தக் காகிதம் ஒரு ரெக்கார்டு ரூம்ல கெடந்திருக்கு, அதுல கடைசி ஒரு வருஷம் நான் இங்க வாசனை தெரியாம, ராத்திரி பூரா வாயால மூச்சு விட்டு தொண்ட வறண்டு எந்திரிச்சு, மாசத்துக்கு ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முழுங்கிட்டு இருந்திருக்கேன். இன்னமும் நெனச்சா மனசு ஆற மாட்டேங்குது.

சைனஸ்னா மூக்கச் சுத்தி எலும்புக்குள்ள இருக்கற காத்து அறைங்க, பாலிப்னா அங்க சவ்வுல வளர்ற சதை, எண்டோஸ்கோபின்னா மூக்குக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பாக்கறது. பழைய கதைய சுருக்கமா முடிச்சுக்கறேன். எனக்கு 41 வயசு, கரூர். 2016ல முதல் ஆபரேஷன், 2022ல ரெண்டாவது, ரெண்டும் வேற வேற ஆஸ்பத்திரி. 2024 ஆடி மாசம் மறுபடி மூக்கடைப்பு ஆரம்பிச்சு தீபாவளிக்கெல்லாம் சுத்தமா வாசனை போயிருச்சு. எண்ணெய் கருகி புகை வந்தப்புறம்தான் எனக்கு அடுப்பு ஞாபகமே வரும்.

2025 ஏப்ரல்ல உள்ளூர்லயே ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட்ல எல்லா சைனஸும் அடைச்சிருக்கு, ரெண்டு பக்கமும் பாலிப்னு போட்டுட்டு, கடைசியில ரெண்டு வரி. சைனஸ் சுவரெல்லாம் ‘போனி திக்கனிங் வித் ஸ்கிளிரோசிஸ்’, அதாவது எலும்பு தடிச்சு இறுகியிருக்கு. வலது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்கற எலும்பு மட்டும் மெலிஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட கொண்டு போனேன், ரெண்டு நிமிஷம் பாத்தாரு, “மறுபடி வளந்துருச்சும்மா, எடுத்தறலாம்”னாரு. சார் இந்த எலும்பு தடிச்சிருக்குன்னு இருக்கே அது என்னங்கன்னு கேட்டேன். “பழைய சைனஸ்னா அப்படித்தாம்மா எழுதுவாங்க” அவ்வளவுதான் பதில். ஒரு பக்கம் தடிப்பு, இன்னொரு பக்கம் மெலிவு, அதுவும் கண்ணுகிட்ட, நான் என்னன்னு நெனைக்கறது. அன்னைக்கு ராத்திரி போன்ல தேடித் தேடி, கேன்சரா இருக்குமோ, எலும்பு உள்ள அழுகுதோன்னு பயந்து வீட்டுக்காரர எழுப்பி உக்கார வெச்சு அழுதேன்.

மறுநாள் அவரே சொல்லிட்டாரு, மூணாவது தடவ கத்தி வெக்கறதுன்னா கோயமுத்தூர்ல ரிவிஷன் கேஸ், அதாவது மறு ஆபரேஷன் கேஸ், அதிகம் பாக்கற டாக்டர்கிட்ட போயிரலாம்னு. இங்க இருந்துதான் என் அலைச்சல் ஆரம்பம்.

முதல் ட்ரிப் வீண். வெள்ளகோவில், காங்கயம், பல்லடம்னு பஸ்ல மூணு மணி நேரத்துக்கு மேல உக்காந்து சிங்காநல்லூர்ல எறங்கி, ஆட்டோ புடிச்சுப் போயி, மதியம் ரெண்டு மணிக்கு டாக்டர் கூப்பிட்டாரு. ஃபிலிம மட்டும்தான் கொண்டு போயிருந்தேன். லைட் பாக்ஸ்ல மாட்டிப் பாத்துட்டு, “இத வெச்சு எலும்பப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, ஸ்கேன் பதிஞ்ச சி.டி. டிஸ்க் இருக்கா”ன்னாரு. இல்ல. சி.டி.யோட வாங்கன்னு அனுப்பிட்டாரு.

ரெண்டாவது ட்ரிப்பும் வீண், இது இன்னும் கொடுமை. ஸ்கேன் சென்டர்ல போயி கெஞ்சி சி.டி. வாங்குனேன், அதுக்கு 200 ரூபா தனி. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர்ல போட்டா உள்ள சாதா போட்டோ மாதிரி நாப்பது ஜேபெக் படம்தான் இருக்கு. ஸ்கேனோட ஒரிஜினல் டேட்டா டைகாம்னு ஒரு ஃபார்மட்ல இருக்கணுமாம், அத வெச்சாதான் டாக்டர் தேவைக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்த மாத்தி எலும்ப மட்டும் பாக்க முடியும், குறுக்குவாட்டுல, முன்னால இருந்து, பக்கவாட்டுல இருந்துன்னு மூணு பக்கமும் திருப்பிப் பாக்க முடியும். அதோட எனக்கு எடுத்தது 3 மில்லிமீட்டர் இடைவெளில எடுத்த ஸ்கேன். ஆபரேஷன்ல நேவிகேஷன் மெஷின், அதாவது கருவி எங்க இருக்குன்னு ஸ்கேன் படத்துல காட்டற மெஷின், வெக்கறதா இருந்தா 1 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. சென்டருக்கு போன் பண்ணி ஒரிஜினல் டேட்டா கேட்டா, ஒரு மாசம் ஆனதும் மெஷின்ல இருந்து அழிச்சிருவோம்மான்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. மறுபடி ஸ்கேன், 2,800 ரூபா, மறுபடி கதிர்வீச்சு.

அதனால தயவுசெஞ்சு ஸ்கேனுக்குப் படுக்கறதுக்கு முன்னாடியே டெக்னீஷியன்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. எத்தன மில்லிமீட்டர் கட், டைகாம் சி.டி. தருவீங்களா, நேவிகேஷனுக்கு ஏத்த மாதிரி நெத்தி, மூக்கு நுனி எல்லாம் முழுசா வர்ற மாதிரி எடுப்பீங்களா. டாக்டர் சீட்டுலயே இத எழுதி வாங்கிட்டா இன்னும் நல்லது. கடும் சளி புடிச்சிருக்கற வாரத்துல போயி எடுக்காதீங்க, அந்தச் சளியும் சேந்து வந்து படம் குழப்பும். சி.டி.ய வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி அங்கயே ஒரு கம்ப்யூட்டர்ல போட்டு தொறந்து காட்டச் சொல்லுங்க. சங்கடப்பட வேண்டாம், காசு குடுத்திருக்கோம்.

புது ஸ்கேன அவர் ஸ்க்ரீன்ல போட்டு எனக்குக் காட்டுன அந்த இருவது நிமிஷம்தான் பத்து வருஷத்துல எனக்கு யாராவது ஒழுங்கா வெளக்கிச் சொன்ன முதல் நேரம். சைனஸ் அறைகளுக்கு நடுவுல இருக்கற எலும்பெல்லாம் சாதாரணமா முட்டை ஓடு மாதிரி மெலிசா இருக்குமாம். கண்ணு பக்கத்து எலும்புக்குப் பேரே காகிதத் தகடுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் பேருதானாம். அதுக்கு மேல ஒட்டியிருக்கற சவ்வு வருஷக்கணக்குல வீங்கிப் புண்ணா இருந்தா கீழ இருக்கற எலும்பும் சும்மா இருக்காது, அதுவும் தூண்டப்பட்டு புதுசு புதுசா எலும்ப வெச்சு தடிச்சுக்கிட்டே போகும். இதுக்கு ஆஸ்டியைட்டிஸ்னு பேரு. கை கால் எலும்புல மஜ்ஜைக்குள்ள சீழ் புடிக்குமே அது வேற, இந்த மெலிசு எலும்புல மஜ்ஜையே கெடையாது, அதனால உள்ள அழுகுதுன்னு பயப்படாதீங்கன்னாரு. எனக்குப் பாதி உயிர் வந்துச்சு. அந்த இன்னொரு எடம் மெலிஞ்சது, சதை வளந்து வளந்து எடம் பத்தாம எலும்ப நெட்டித் தள்ளுனதுல. சில பூஞ்சை அலர்ஜி சைனஸ்ல இந்த மெலிவு ரொம்ப அதிகமாகி கண்ணு, மூளை பக்கம் எலும்பே இல்லாமப் போறதும் உண்டாம், எனக்கு அந்த அளவு இல்ல. ஒரே ஆளுக்கு ஒரு எடத்துல தடிப்பும் ஒரு எடத்துல மெலிவும் சேந்தே வரலாம்.

ஒரு பக்கம் மட்டும் கிருமி வெச்சு முயல்ல சோதன பண்ணிப் பாத்தப்ப அடுத்த பக்கத்து எலும்பும் மாறியிருந்துச்சாம். அதனாலதான் ஒரு ஓரத்த மட்டும் கிளீன் பண்ணிட்டு விட்டா திரும்ப வருதுன்னு சொன்னாரு. எலும்பு தடிச்சவங்களுக்கு சதை திரும்பத் திரும்ப வர்றது அதிகம், ஏற்கனவே ஆபரேஷன் ஆனவங்களுக்கு எலும்பு தடிப்பும் அதிகம், ரெண்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு போகுது.

என் பழைய ஃபைல்ல 24க்கு 19னு ஒரு ஸ்கோர் எழுதியிருந்துச்சு, அத நான் ஏதோ பெரிய கணக்குன்னு நெனச்சிருந்தேன். அது சைனஸ் எவ்வளவு அடைச்சிருக்குன்னு மட்டும் பாக்கற லண்ட்-மெக்கே மார்க்காம், எலும்பு அதுல வரவே வராது. எலும்புக்குன்னு தனியா ஒரு ஸ்கோர், பத்து சைனஸ் அறை, ஒண்ணொண்ணுக்கும் 5 வரைக்கும் மார்க், மொத்தம் 50. எனக்கு 23, நடுத்தரம். 3 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சிருக்கான்னு ஒவ்வொரு அறையா அளந்து காட்டுனாரு. அளக்கறதுக்கு அவருக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. இத்தன வருஷம் இந்த அஞ்சு நிமிஷம் யாருக்கும் இல்லாமப் போச்சு.

அப்புறம்தான் கேட்டாரு, போன ஆபரேஷன்ல எடுத்த சதையோட பயாப்சி ரிப்போர்ட் எங்கன்னு. அதுல இயோசினோபில்ங்கற வெள்ளை அணு எவ்வளவுன்னு தெரிஞ்சா ஸ்டீராய்டு எப்படிக் குடுக்கறது, ஆபரேஷன் எவ்வளவு அகலமாப் பண்றதுன்னு முடிவு பண்ணலாம்னாரு. அந்த ஆபரேஷனுக்கு எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு பக்கம் டிஸ்சார்ஜ் சம்மரி. ஆபரேஷன் நல்லபடியா முடிந்தது, ஒரு வாரத்தில் வரவும். அவ்வளவுதான் அதுல இருந்துச்சு.

ரெக்கார்டு ரூம் கதைக்கு வர்றேன். 2022ல ஆபரேஷன் பண்ணுன ஆஸ்பத்திரி எங்க ஊர்ல இருந்து முக்கா மணி நேரம். முதல் நாள் போனா, அங்க இருந்த க்ளர்க், அம்பது வயசு இருக்கும், தலையே நிமிரல. “ரிப்போர்ட்லாம் டாக்டர்கிட்டதாம்மா இருக்கும்.” டாக்டர் லீவு. ரெண்டாவது நாள் போனா, “டாக்டர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க.” டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல, மூணு மணி நேரம் காத்திருந்து கையெழுத்து வாங்கிட்டு வந்தா, க்ளர்க் சாப்பிடப் போயிட்டாரு, திரும்பி வந்து “இப்படியெல்லாம் குடுக்க முடியாதும்மா, கோர்ட் கேஸ்னா போலீஸ் லெட்டர் வேணும், இன்சூரன்ஸ்னா கம்பெனில இருந்து லெட்டர் வேணும்”னாரு. அண்ணா எனக்கு வைத்தியம் பாக்கத்தாங்க கேக்கறேன்னு சொல்றேன், குரல் ஒடஞ்சு போச்சு எனக்கு. “ரூல் அப்படிம்மா.”

வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தப்ப லேப்ல வேல பாக்கற ஒரு சின்னப் பொண்ணு வந்து மெதுவா சொல்லுச்சு, “அக்கா, வாயில கேக்காதீங்க, தேதி போட்டு எழுதிக் குடுத்து ரிசீவ்ட் சீல் வாங்குங்க, 72 மணி நேரத்துல குடுத்தே ஆகணும்.” எனக்கு அது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன், இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 ஒழுக்க விதிகள்லயே இருக்கு. உள்நோயாளியோட ரெக்கார்ட சிகிச்சை ஆரம்பிச்ச தேதில இருந்து மூணு வருஷம் வெச்சிருக்கணும், நோயாளியோ அவங்க அனுப்பற ஆளோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். மூணு வருஷம்ங்கறத கவனிங்க. எனக்கு இன்னும் ஆறு மாசம்தான் பாக்கி இருந்துச்சு. நான் தை மாசம் வரைக்கும் தள்ளிப் போட்டிருந்தா அவங்க அழிச்சிட்டோம்னு சொன்னாலும் கேள்வி கேக்க முடியாது.

மூணாவது நாள் ரெண்டு காப்பி எழுதிட்டுப் போனேன். பேரு, ஐ.பி. (உள்நோயாளி) நம்பர், அட்மிட் ஆன தேதி, ஆதார் ஜெராக்ஸ், எனக்கு வேணும்ங்கற காகிதங்க: ஆபரேஷன் நோட்ஸ், பயாப்சி ரிப்போர்ட், பழைய ஸ்கேன் ரிப்போர்ட், கேஸ் ஷீட். கீழ 2002 விதி, 72 மணி நேரம்னு ஒரு வரி. க்ளர்க் வாங்க மாட்டேன்னாரு, நான் சண்ட போடல, நேரா மேனேஜர் ரூமுக்குப் போயி குடுத்தேன். அவர் படிச்சிட்டு ஒரு வார்த்த பேசாம சீல் போட்டுக் குடுத்தாரு. ரெண்டாம் நாள் சாயந்திரம் போன் வந்துச்சு, வந்து வாங்கிக்கங்கன்னு. ஜெராக்ஸ் காசு மட்டும் வாங்குனாங்க. அந்த கவர வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே பிரிச்சுப் படிச்சேன். இயோசினோபில் நெறைய. எலும்புத் துணுக்கு. புது எலும்பு. எல்லாம் அன்னைக்கே எழுதி வெச்சிருக்காங்க. ஆபரேஷன் நோட்ஸ்லயும் ‘எலும்பு கடினமாக இருந்தது, முன் நெற்றி சைனஸ் திறக்கவில்லை’ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு வரி. நெத்தி சைனஸ தொறக்கவே இல்லைங்கறதும் எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். முடியலைன்னா முடியலைன்னு சொல்லியிருந்தா நான் கோவிச்சுக்கப் போறதில்ல, வேற எங்கயாவது போயிருப்பேன்.

இன்சூரன்ஸ்ல ஒரு கண்டம் வந்துச்சு. 2021 மார்ச்ல பாலிசி போட்டப்பவே 2016 ஆபரேஷன எழுதிக் குடுத்திருந்தேன், அதனால 2022ல, ஏற்கனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் முடியாம கைக்காசுதான். இப்ப நாலு வருஷம் முடிஞ்சிருச்சு, கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டற கேஷ்லெஸ் போட்டோம். அட்மிஷன் அன்னைக்கு டியூட்டி டாக்டர் பையன் எத்தன வருஷமா இருக்குங்கன்னு கேட்டான், நான் பேச்சுவாக்குல சின்னதுல இருந்தே சளி புடிக்கும், ஒரு பதினஞ்சு வருஷமா அடிக்கடின்னு சொல்லிட்டேன். அவன் ‘15 வருடமாக சைனஸ்’னு எழுதிட்டான். உடனே கம்பெனில இருந்து கேள்வி, 2021ல பாலிசி போடும்போது 15 வருஷ நோய ஏன் சொல்லலன்னு. வெறும் சளிக்கும் பாலிப்புக்கும் உள்ள வித்தியாசத்த டாக்டர் லெட்டர் எழுதி, பாலிப்னு முதல்ல கண்டுபுடிச்சது 2016லதான்னு அந்த 2016 டிஸ்சார்ஜ் சம்மரிய வெச்சு அனுப்புனப்புறம் சாங்ஷன் ஆச்சு. நல்லவேளை அந்த ஒத்தக் காகிதத்த பீரோவுல வெச்சிருந்தேன். நீங்க பொய் சொல்ல வேண்டாம், ஆனா என்ன நோய், எந்த வருஷம் யார் கண்டுபுடிச்சதுன்னு அளந்து சொல்லுங்க, கேஸ் ஷீட்ல என்ன எழுதறாங்கன்னு கேட்டுப் பாருங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு பில் அப்ரூவலுக்கு கம்பெனிக்கு மூணு மணி நேரம்தான் டைம்னு 2024ல இருந்து விதி இருக்கு, நர்ஸ் நாளைக்குத்தான் ஆகும்னு சொன்னதும் என் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் டெஸ்க்ல போயி அத ஞாபகப்படுத்துனாரு, சாயந்திரமே வீட்டுக்கு வந்துட்டோம்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டு மணி நேரம்னு நெனச்சது நாலரை மணி நேரம் ஆச்சு, நெத்தி சைனஸ் வாசல்ல தடிச்சிருந்த எலும்ப டிரில் பண்ணித் தொறக்க வேண்டியிருந்துச்சு. முன்னாடி ஒரு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாங்க, சதை சுருங்கும், ரத்தம் கம்மியாப் போகும்னு. சுகர் இருக்கறவங்க இத முன்கூட்டியே சொல்லிருங்க. இன்னொண்ணு, வலி மாத்திரை போட்டா இழுப்பு வருமான்னு இந்த டாக்டர் கேட்டாரு. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைக்கு இழுப்பு வர்றவங்களுக்கு ஆஸ்துமாவும் மூக்குச் சதையும் சேந்தே வருமாம். இதுக்கு முன்னாடி ரெண்டு ஆபரேஷன்லயும் யாரும் கேட்டதில்ல.

இந்தத் தடிச்ச எலும்புக்குன்னு தனி மாத்திரை இல்ல. நீள நீளமா ஆன்டிபயாடிக் போட்டு அத கரைக்க முடியாது, நான் முழுங்குன அத்தனையும் அதுக்கு ஒண்ணும் பண்ணியிருக்காது. மேல இருக்கற சவ்வோட வீக்கத்த அடக்கி வெக்கணும், மருந்து உள்ள போற மாதிரி வாசல் தொறந்திருக்கணும், அவ்வளவுதான் வழி. அதனால தெனம் ரெண்டு வேள 240 மில்லி பாட்டில்ல உப்புத் தண்ணி, அதுல டாக்டர் எழுதிக் குடுத்த புடசோனைட்ங்கற ஸ்டீராய்டு மருந்து கலந்து மூக்கக் கழுவறேன். முதல் வாரம் அழுகையே வந்துச்சு, காதடைக்கும், தண்ணி தொண்டைக்குப் போகும். தலைய முன்னால நல்லா குனிஞ்சு, வாயத் தொறந்து ‘கா’ன்னு சத்தம் குடுத்துக்கிட்டே பிழிஞ்சா தொண்டைக்குப் போகாது, இத ஒரு நர்ஸ் சொல்லிக் குடுத்தாங்க. தண்ணிய கட்டாயம் கொதிக்க வெச்சு ஆற வெச்சுத்தான் எடுக்கணும். குழாத் தண்ணி, போர் தண்ணி வேண்டவே வேண்டாம், 2024ல கேரளாவுல மூளைய பாதிக்கற அமீபா செய்தி வந்துச்சே, அது மூக்கு வழியாத்தான் போகும். கேன் தண்ணியையும் நான் கொதிக்க வெச்சுத்தான் ஊத்தறேன்.

திரும்ப வந்தா டுபிலுமாப்னு ஊசி இருக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, அமெரிக்காவுல 2019லயே மூக்குச் சதைக்கு அனுமதி குடுத்துட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு. வெலையக் கேட்டேன், எங்க குடும்பத்துக்கு எட்டாது. அதனால பாட்டில விடாம புடிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஆறாவது வாரம் வேலைக்குப் போகும்போது எங்க ரோட்டுல ஒரு பஸ் பாடி கட்டற ஷெட்டு, வெளிய ஒரு பஸ்ஸுக்கு பெயிண்ட் அடிச்சிட்டு இருந்தாங்க. திடீர்னு சுருக்குன்னு ஏறுச்சு, தின்னர் வாசம். ஒன்னர வருஷம் கழிச்சு. எல்லாரும் மூக்கப் பொத்திட்டுப் போற எடத்துல நான் வண்டிய ஓரமா நிறுத்திட்டு நின்னேன், பெயிண்டர் தம்பி “என்னங்கக்கா, வண்டி ரிப்பேருங்களா”ன்னு கேட்டான். இல்ல சாமி, நீ அடின்னு சொன்னேன்.

மூணாவது மாச எண்டோஸ்கோபில வாசல் தொறந்தே இருக்கு, இடது பக்கம் மட்டும் லேசா வீக்கம், ஸ்டீராய்டு கழுவல நிறுத்தக் கூடாதுன்னுட்டாரு. அடுத்த ஸ்கேன்ல எலும்பு தடிப்பு அப்படியே தெரியும், அதப் பாத்து பயந்துறாதீங்க, அது சீக்கிரம் கொறையாதுன்னும் முன்னாடியே சொல்லி அனுப்பியிருக்காரு. புது சி.டி.ய பென் டிரைவ்ல ஒரு காப்பி, பொண்ணோட லேப்டாப்ல ஒரு காப்பி போட்டாச்சு. இந்த ஆபரேஷனோட பயாப்சி ரிப்போர்ட்ட டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டேன், பத்து நாள் ஆகும்னாங்க, பதினோராவது நாள் நேர்ல போயி வாங்கிட்டு வந்துட்டேன்.